நிகழாதவற்றின் கணக்கு

ஒருவர் மறைந்தபின் அவர் செய்தவற்றை எண்ணிப் பார்ப்பது உலக வழக்கம். கட்டிய வீடு, வாங்கிய நிலம், அளித்த தானம் ஆகியவை கண்ணுக்குப் புலப்படுவன. ஆகையால் எடுத்துரைப்பது எளிது. ஆனால் ஒருவருடைய விழிப்பினால் நிகழாமற் போன தீமைகளை யார் எண்ணுவது? பள்ளிப் பதிவேட்டில் வராத மாணவனுக்கும் ஒரு குறி உண்டு. நிகழாத தீமைக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

எங்கள் ஊரில் அண்மையில் 78ஆம் வயதில் காலமான முதியவர் ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவை எழுப்பியது. சிறுவயதில் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, பின்னர் உரிமம் பெற்று, 35 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஆரணி வட்டாரத்து ஆலைகளிலிருந்து அரிசி மூட்டைகளைப் பெங்களூருக்கு ஏற்றிச் செல்வார். பார்வை மங்கத் தொடங்கியதும், பிறர் சொல்லும் முன்னரே தாமாக ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். கடைசி வரையில் வாடகை வீடுதான். துக்கம் விசாரிக்க வந்தவர்களுள் ஒருவர், “என்ன சேர்த்து வைத்தார்?” என்று வினவினார். அவரிடம் முன்பு கிளீனராக இருந்தவர், “அண்ணன் பேரில் ஒரு கேசும் கிடையாதுங்க” என்றார். கேட்டவர் அதனை ஒரு விடையாகக் கருதவில்லை.

அது விடையா, அன்றா? அது வெறும் அதிர்ஷ்டம் என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. எவ்வளவு கருத்தாக ஓட்டினாலும் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்துவிடக்கூடும். ஆகவே விபத்து நேராமை மட்டுமே நற்பண்புக்குச் சான்றாகாது. நேர்ந்தமை மட்டுமே குற்றத்திற்குச் சான்றாகாது. விளைவுக்கு முன் ஒருவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதையே நோக்குதல் வேண்டும். இவரோ, உறக்கம் கண்ணை அழுத்தினால், குறித்த நேரம் தவறினாலும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திப் படுத்துவிடுவார். அதனால் அடுத்த நடை கைவிட்டுப் போகும்; பேட்டாவும் குறையும். அந்த இழப்பு அவர் தெரிந்தே ஏற்றுக்கொண்டது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையே பொது வரம்பு என்று 1961ஆம் ஆண்டிலேயே வகுத்தது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் அவ்வரம்பு ஏட்டளவில் நின்றுவிடுகிறது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. மாண்டவர்களை எண்ண முடிந்தது. காக்கப்பட்டவர்களை எண்ண வழியில்லை.

பிரமாதத்தோடு, அதாவது கவனமின்மையோடு, கூடிய செயலால் உயிருக்கு ஊறு விளைவித்தலே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. அவ்வளவுகோலால் அளந்தால், அந்தச் சாலையோர உறக்கமும் ஒரு நோன்பாகும். இரவில் முகப்பு விளக்கை நாடி வந்து மடிந்த பூச்சிகளுக்கு என்ன கணக்கு என்று நம்முள் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும், பொழுது சாயுமுன் நாம் உண்ணும் சோற்றுக்கான அரிசி, இரவெல்லாம் ஓடிய லாரியில் வந்திருக்கக் கூடும். உண்டவர் நியமம் தூயதென்றும், ஏற்றி வந்தவர் தொழில் மாசுடையதென்றும் பிரித்துரைப்பது அறமாகாது.

நம் குடும்பங்களில் வணிகம் செய்வோர் உளர். ‘விடிவதற்குள் சரக்கு வந்து சேர வேண்டும்’ என்று கட்டளையிடும்போது, முகமறியாத ஓர் ஓட்டுநரின் உறக்கத்தை நாம் விலை பேசுகிறோம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தாமதத்திற்காக அவர் கூலியில் பிடித்தம் செய்யாதிருப்பதும் அபயதானமே. அதன் பயனாக யாரோ ஒருவர் நலமாக வீடு திரும்புவார். அவர் யார் என்பது நமக்குத் தெரியப் போவதில்லை; தாம் காக்கப்பட்டது அவருக்கும் தெரியப் போவதில்லை.