விதியறிவும் மனச்சான்றும்

விளையாட்டுகள் பலவற்றில் ஆட்டக்காரனின் ஒழுங்கைக் காப்பவர் நடுவரே. காற்பந்துத் திடலில் அவருடைய ஊதல் ஒலிக்கும்வரை தவறு தவறாவதில்லை. கையில் பட்ட பந்தை நடுவர் காணாவிடின், பட்டவன் ஓடிக்கொண்டேயிருக்கிறான். அவனைக் கண்டிப்பாரும் குறைவு. கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டம் இவ்வகையில் தனித்து நிற்கிறது. பதினெட்டுக் குழிகளைக் கடந்து செல்லும் ஆட்டக்காரனின் பின்னால் ஊதலோடு எவரும் ஓடுவதில்லை. புதரோரத்தில் பந்தும் அவனும் மட்டுமே இருக்கும் கணங்கள் பல. அங்கே ஒரு தவறு நேருமாயின், தனக்குத் தானே தண்டனை அடி விதித்துக்கொள்ள வேண்டியவன் அவன். விதிநூல் இதனை வெளிப்படையாகவே அவன் பொறுப்பில் விட்டிருக்கிறது.

செல்வர் ஆட்டத்தைப் பற்றித் தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் என்ன பேச்சு என்று சிலர் வினவலாம். கோலாலம்பூரில் 1893ஆம் ஆண்டில் சிலாங்கூர் கோல்ஃப் கழகம் தொடங்கப்பெற்றபோது அது யாருக்காகத் தொடங்கப்பெற்றது என்பதை நாம் அறிவோம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் நாம் இங்கே ஆராயப்போவது ஆட்டத்தையன்று. அவ்வாட்டத்தின் விதிகளைக் கற்கும் ஒரு முறையையும், அதன் வழியே எழும் பழைய வினா ஒன்றையும்தான்.

1744ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் எழுதப்பெற்ற விதிகள் பதின்மூன்றே. இன்று செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் இணைந்து வெளியிடும் நூலில் இருபத்தைந்து விதிகளும், அவற்றுக்குள் எண்ணற்ற கிளைகளும் உள்ளன. இவற்றை நேரே படித்து முடிப்பவர் சிலரே. எனவே வினா விடைப் பயிற்சி வழியே கற்பிக்கும் வழக்கம் பரவியுள்ளது. பந்தைத் தேடும்போது உன் கால் பட்டே அது நகர்ந்துவிட்டது, தண்டனை உண்டா? இல்லை, இருந்த இடத்தில் மீண்டும் வைத்துவிட வேண்டும். தொலைந்த பந்தை எவ்வளவு நேரம் தேடலாம்? மூன்று நிமிடம். அடிகளை எண்ணும் போட்டியில் பிறருடைய பந்தைத் தவறுதலாக அடித்துவிட்டால்? இரண்டு அடி தண்டனை. பின்னர்த் தன் பந்தைக் கொண்டு பிழையைத் திருத்தியாக வேண்டும். இவ்வாறு நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து தேர்ந்தே, தடித்த நூல் ஒன்று மனத்துள் இறங்கிவிடுகிறது.

முறை நல்ல முறைதான். ஆனால் அவ்வினாக்களின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். ‘பந்து நகர்ந்துவிட்டது’ என்று வினாவே சொல்லிவிடுகிறது. நிகழ்ச்சி முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டது. விடையளிப்பவன் அதற்குரிய விதியைப் பொருத்தினால் போதும். திடலிலோ நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டியவனும் அவன், விதியைப் பொருத்த வேண்டியவனும் அவன், அதனால் இழப்புறுபவனும் அவன். பந்து நகர்ந்ததா, நகர்ந்ததுபோல் தோன்றியதா? காற்று நகர்த்தியதா, என் மட்டை நகர்த்தியதா? இவ்வினாவுக்கு நான்கு விடைகளை எவரும் அச்சிட்டுத் தருவதில்லை. வழக்குமன்றத்தில் சாட்சியும் நீதிபதியும் குற்றஞ்சாட்டப்பட்டவனும் ஒருவனே எனின் அம்மன்றத்தை நாம் நம்புவோமா? இவ்வாட்டம் நம்புகிறது.

1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் நடைபெற்றது. முதற்சுற்றின் பதினோராம் குழியருகே, அடர்ந்த புல்லில் கிடந்த பந்தை அடிக்க ஆயத்தமானார் பாபி ஜோன்ஸ். பந்து சிறிதே அசைந்தது. அவரைத் தவிர வேறெவரும் அதைக் காணவில்லை. போட்டி அதிகாரிகள் தயங்கினர். காணாத ஒன்றுக்குத் தண்டனை எதற்கு என்பதே அவர்தம் நிலை. ஜோன்ஸ் ஓர் அடியைத் தம் கணக்கில் சேர்த்தே தீருவேன் என்று நின்றார். நான்கு சுற்றுகளின் முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேனும் சமநிலையில் இருந்தனர். வெற்றியை முடிவுசெய்ய ஆடிய பதினெட்டுக் குழிச் சுற்றும் சமமாகவே முடிய, மற்றொரு சுற்று ஆடி ஒரே அடியில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடியைச் சொல்லாமலிருந்தால் கிண்ணம் முன்னரே அவருடையதாகியிருக்கும்.

ஜோன்ஸ் செய்ததைத் தேர்வுத்தாளில் வைத்தால் அது மிக எளிய வினா; தொடக்கநிலை மாணவனும் விடை சொல்வான். அன்று வூஸ்டரில் அரிதாக இருந்தது விதியறிவு அன்று.

அவ்வாறாயின் வினா விடைப் பயிற்சி வீண் என்று முடிவுகட்டலாமா? நல்ல நெஞ்சம் இருந்தால் போதும், விதிநூல் எதற்கு என்று பேசுவது நமக்குப் பழகிப்போன பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி தெரியாதவனின் மனச்சான்று அவனை உறுத்துவதில்லை. உறுத்தாமைக்குக் காரணம் அவன் தூயவன் என்பதன்று, உறுத்த வேண்டிய இடம் எது என்று அதற்குத் தெரியாது என்பதே. கணக்கறியாதவன் மீதிப் பணத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு அமைதியாக உறங்குகிறான். அவ்வுறக்கத்தை நேர்மை என்று எப்படிச் சொல்வது?

பிரயன் டேவிஸ் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரரை இங்கே நினைக்கலாம். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் தீவில் நடந்த போட்டியில் அவரும் ஜிம் ஃபியூரிக்கும் சமநிலையில் நின்று, முடிவுக்கான குழியை ஆடினர். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் டேவிஸ் அதுவரை ஒரு வெற்றியும் கண்டதில்லை. தடைப்பகுதிக்குள் கிடந்த பந்தை அடிக்க மட்டையைப் பின்னோக்கி ஓங்கியபோது, கிடந்த நாணல் தண்டு ஒன்றில் அது பட்டதுபோல் அவருக்குத் தோன்றியது. உடனே அதிகாரியை அழைத்துச் சொன்னார். தொலைக்காட்சிப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்பே அது உண்மை என்று தெளிந்தது. இரண்டு அடி தண்டனை. வெற்றி ஃபியூரிக்குக்குப் போயிற்று. தடைப்பகுதியில் கிடக்கும் தண்டை அசைக்கலாகாது என்ற நுட்பமான விதியை டேவிஸ் கற்றிராவிட்டால், அந்த மெல்லிய உராய்வு அவர் நினைவில் நின்றிருக்குமா? கற்ற விதியே அவர் விரலுக்கு அவ்வுணர்வைத் தந்தது என்பேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2019ஆம் ஆண்டில் விதிநூல் பெரிதும் திருத்தப்பட்டபோது அந்த விதியே நீங்கிற்று. தடைப்பகுதியில் கிடக்கும் உதிர்ந்த தண்டை இன்று அகற்றலாம், தொடலாம். இன்றைய வினாத்தாளில் டேவிஸின் நிலையைக் கேட்டால் ‘தண்டனை இல்லை’ என்பதே சரியான விடை. விடைகள் மாறுகின்றன, தேடும் நேரம்கூட ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்ததும் அவ்வாண்டில்தான். பழைய விடைகளை மனப்பாடம் செய்தவன் இன்று தேர்வில் தோற்பான். டேவிஸ் அன்று அதிகாரியை அழைத்த செயலை மட்டும் எந்தத் திருத்தமும் தொடவில்லை. கற்பது வேறு, கற்றபடி நிற்பது வேறு என்று தமிழ் படித்தவர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் கற்ற பொருள் காலாவதியான பின்னும் நின்ற நிலை நிற்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

இத்துணை நம்பிக்கை வைக்கும் ஆட்டம் அதற்கு விலையும் கேட்கிறது. 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்றடியில் முடித்தார். கூடியிருந்தோர் கண்டனர், தொலைக்காட்சியும் காட்டிற்று. உடனாடிய டாமி ஆரன் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார்; விசென்சோ அதைக் கவனியாது கையொப்பமிட்டார். ஒப்பமிட்ட கணக்கு உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தால் அக்கூடுதலே நிலைக்கும் என்பது விதி. அறுபத்தைந்து அறுபத்தாறாயிற்று, ஓர் அடி வேறுபாட்டில் பாப் கோல்பி வென்றார். இது கொடுமை என்றே பலர் கருதினர். நானும் முதலில் அவ்வாறு கருதினேன். ஆனால் எவரும் காணாதபோது ஜோன்ஸின் சொல்லை ஏற்கும் ஆட்டம், எல்லாரும் கண்டபோதும் விசென்சோவின் கையொப்பத்தையே ஏற்பதில் முரண் ஏதும் இல்லை.

அறியாமையை இவ்விதிநூல் எவ்வாறு நடத்துகிறது என்பதையும் நோக்க வேண்டும். உரிய தண்டனையைச் சேர்க்காமல் குறைந்த கணக்கை ஒப்பமிட்டுக் கொடுத்தவன் போட்டியிலிருந்து விலக்கப்படுவான். தனக்குத் தண்டனை உண்டு என்பதையே அறியாமல் கொடுத்திருந்தாலோ, 2016ஆம் ஆண்டு முதல் விலக்கு இல்லை. இன்றைய விதிப்படி விடுபட்ட தண்டனை மட்டும் சேர்க்கப்படும். அப்படியானால் கற்காமலிருப்பதே பாதுகாப்பு என்று ஒருவன் எண்ணக்கூடும்! நூலாசிரியர்கள் அதையும் எண்ணியிருக்கிறார்கள். ‘இங்கே உனக்குத் தண்டனை இருக்கலாம்’ என்று உடனாடுபவர் ஒருவர் சொல்லியும், அல்லது தனக்கே ஐயம் இருந்தும், அட்டையைக் கொடுக்குமுன் போட்டிக் குழுவினரிடம் அதை எழுப்பாமல் போனவனுக்கு அச்சலுகை கிடையாது. குழுவினரின் அறை அட்டை கொடுக்கும் இடத்திலிருந்து பெரும்பாலும் சில அடி தொலைவில்தான் இருக்கும்.