எந்தப் பாடத்தின்படி

ஒரு பிரதியைத் திருத்துகிறவன், திருத்துவதற்கு முன் இருந்த பிரதிக்கு ஏதாவது கடமைப்பட்டிருக்கிறானா? இது ஏட்டுச்சுவடியோடு மாரடிக்கிறவர்களின் பிரச்னை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு நகைக்கடன் விசாரணை அதை என் மேஜைக்கே கொண்டுவந்து போட்டது.

ஏட்டிலிருந்தே தொடங்கலாம். குற்றாலத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 1954ல் மறைந்த டி.கே.சி. தம் கடைசி வருஷங்களைக் கழித்த ஊர் இது. கம்பனின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதி யாரோ செருகியவை என்பது அவர் முடிவு. செருகியவை என்று பட்டவற்றைத் தள்ளினார்; நின்றவற்றிலும் சொல் உறுத்திய இடங்களில் சொல்லை மாற்றினார். எந்தச் சுவடியின் ஆதாரத்தில் என்று கேட்டவர்களுக்கு அவரிடம் இருந்த பதில் ரசனை ஒன்றுதான். ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்ற அந்தப் பதிப்பை நான் பல முறை படித்திருக்கிறேன். பல இடங்களில் அவர் பாடம் பல்கலைக்கழகப் பாடத்தைவிட நல்ல கவிதை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நல்ல கவிதை என்பதற்கும் கம்பன் எழுதியது என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை அவர் ஒரே எட்டில் தாண்டிவிட்டார். தாண்டிய தடமும் வாசகன் கண்ணில் படாது. தள்ளிய பாட்டு அங்கே இல்லை; இல்லாததோடு யாரும் வாதாட முடியாது.

உ.வே. சாமிநாதையர் மறுகோடி. 1894ல் அவர் அச்சிட்ட புறநானூற்றில் தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, பிரதிகளில் கண்ட வேறு பாடங்களைக் கீழே கொடுத்திருக்கிறார். குறிஞ்சிப்பாட்டின் பூக்களின் வரிசையில் சில வரிகள் பிரதிகளில் உதிர்ந்து போயிருந்தபோது, தமக்குத் தெரிந்த நாலு பூவைச் சேர்த்துக் கட்ட அவருக்குத் தோன்றவில்லை. தேடினார், தருமபுர ஆதீனத்துச் சுவடியில் கிடைத்தது. இதை நேர்மை என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் உண்டு. அடிக்குறிப்பு சில கைகளில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் உபாயமாகிவிடுகிறது. எல்லாப் பாடத்தையும் கொடுத்துவிட்டேன், நீயே பொறுக்கிக்கொள் என்று ஒதுங்கிக்கொள்கிற பதிப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஐயர் அப்படி ஒதுங்கியவரல்ல. அவர் ஒன்றைத் தேர்ந்தார், தேர்ந்ததற்குத் தம் பெயரைக் கொடுத்தார், தேராததையும் வைத்தார். மூன்றும் சேர்ந்ததுதான் அவர் செய்த காரியம்.

இலக்கியத்தில் தேர்வைத் தள்ளிப்போடலாம். மருந்தில் முடியாது. ஏட்டில் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கு வேறுபாடு இல்லை. கால் போட்டதா, ரகரமா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கவிதையில் இப்படிப் பிசகினால் இன்னொரு பாடம் கிடைக்கும், சமயத்தில் ரசமாகவும் இருக்கும். வைத்தியச் சுவடியில், அதுவும் நேர்வாளம் மாதிரிச் சரக்கின் எடையில், பிசகினால் கிடைப்பது வேறு. பலம் என்ற எடையும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்ததில்லை. குற்றால மலையின் மூலிகையை இடித்துச் சூரணம் செய்கிறவன் மூன்று சுவடியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் தராசில் அவன் வைக்கக்கூடிய எடை ஒன்றுதான். பாட பேதம் என்ற விவகாரம் தன் நிஜமான கனத்தோடு தெரிகிற இடம் அந்தத் தராசுத் தட்டு.

இனி வங்கி. எங்கள் வங்கியில் முன்பு விதிமுறைப் புத்தகம் அச்சில் இருந்தது. விதி மாறினால் திருத்தச் சீட்டு வரும். அதைக் கத்தரித்துப் பழைய வரியின் மேல் ஒட்டுவார்கள். பதிவறையில் கிடந்த ஒரு பிரதியைப் பார்த்திருக்கிறேன். சில பக்கங்கள் மூன்று சீட்டு ஏறி அப்பளம் போல் விறைத்திருந்தன. அசிங்கமான புத்தகம்தான். ஆனால் நகத்தால் ஓரத்தை நெம்பினால் அடியில் பழைய வரி இருந்தது. இப்போது புத்தகம் இல்லை, திரை இருக்கிறது. அதில் இன்றைய விதி மட்டும் துலக்கமாக இருக்கிறது. நெம்ப ஓரம் கிடையாது.

2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவிகிதம் என்றிருந்த உச்சவரம்பை 90 ஆக உயர்த்தியது. கொரோனாவை ஒட்டிய சலுகை. 2021 மார்ச் 31 வரைக்குமே. அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் என்று ஒன்று இல்லை. அருவிக்கரையில் துண்டும் எண்ணெயும் விற்கிற ஒரு அம்மாள் 2021 பிப்ரவரியில் வளையல்களோடு வந்தார். எங்கள் கிளையில் கடன் பிரிவைப் பார்த்த அண்ணாச்சி 88 சதவிகிதம் கொடுத்தார். விதிப்படி கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து ஆய்வுக்கு வந்தவர் 75ஐ வைத்து அளந்து, அதிகம் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டார். ரிசர்வ் வங்கி அறிவிப்பை அண்ணாச்சி சொன்னார். “அவங்க அனுமதிச்சது சரி, நம்ம வங்கி அதை ஏத்துக்கிட்ட உத்தரவு எங்கே?” என்றார் வந்தவர். நியாயமான கேள்வி. திரையில் தேடினோம். அந்த உத்தரவு இருந்த இடத்தில் அதற்குப் பின் வந்தது இருந்தது.

வந்தவர் கெட்டவரல்ல. தம் முன்னால் இருந்த பாடத்தைப் படித்தார், அவ்வளவுதான். அவர் படித்த பாடத்தில் அண்ணாச்சி குற்றவாளி.

இங்கேதான் டி.கே.சி.யையும் ஐயரையும் விட்டு நகர வேண்டியிருக்கிறது. கம்பன் பாட்டுக்கு நாலு பாடம் இருந்தால், மெய்யான ஒன்றும் பிசகிய மூன்றும் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். இந்தத் தர்க்கத்தை விதிக்கும் பொருத்துவதில்தான் கோளாறு. 90 என்பது 75ன் பிழைபட்ட வடிவமல்ல. இரண்டும் மெய்யானவை, தத்தம் நாளில். பழைய விதியை அழிப்பவன் ஒரு தவறை அழிப்பதாக நினைத்துக்கொள்கிறான்; அவன் அழிப்பது அந்த விதியை நம்பிக் காரியம் செய்த ஒருவனின் நியாயத்தை. ரிசர்வ் வங்கி வருஷா வருஷம் வெளியிட்டுவந்த தொகுப்புச் சுற்றறிக்கைகளின் கடைசியில், எந்தெந்தச் சுற்றறிக்கைகளைச் சேர்த்துத் தொகுத்தது என்று தேதியோடு ஒரு பட்டியல் இருக்கும். யாரும் படிக்காத பக்கம். ஐயரின் அடிக்குறிப்புக்கு அலுவலகத்தில் நான் கண்ட ஒரே உறவு அதுதான்.

எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது சாத்தியமா என்று கேட்கலாம். கவுண்டரில் நிற்கிறவனுக்குப் பத்துப் பாடம் காட்டினால் அவன் தவறானதைத்தான் எடுப்பான், அதுவும் உண்மை. வேலைக்கு ஒரே பாடம்தான் வேண்டும். தீர்ப்புக்கு அது போதாது. இந்த இரண்டையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு, வேலையின் வசதிக்காகத் தீர்ப்பின் தேவையைத் துடைத்துவிடுகிறோம். துடைக்கிறவன் பெயரும் அங்கே இல்லை. டி.கே.சி. தம் பெயரைப் போட்டுத் திருத்தினார். மற்றப் பதிப்புகளும் அலமாரியில் இருந்ததால் அவரோடு சண்டை போட முடிந்தது. இங்கே சண்டை போட ஆள் இல்லை.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டுப் பாட்டில், இந்த ஆலயத்துக்குப் பின்னால் ஏதாவது குறை நேர்ந்து அதைச் சரிசெய்து காப்பவர்கள் எவரானாலும் அவர்களைப் பணிகிறேன் என்கிறான். பதினைந்தாம் நூற்றாண்டில் ஒருவன் தன் பிரதியைத் திருத்தப்போகிறவனை முன்கூட்டியே வணங்கியிருக்கிறான். வெகுகாலம் மொட்டையாக நின்ற கோபுரம் 1990ல் மறுபடி எழுந்தது. கீழே அவன் காலத்துக் கல், மேலே நம் காலத்துக் கட்டு. தெற்குமாசி வீதி டீக்கடையில் நின்று பார்த்தாலும் எது எங்கே முடிகிறது என்று தெரியும். கல்லின் மேல் கட்டினார்கள், கல்லைப் பெயர்க்கவில்லை.

அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. முக்கியமான உத்தரவு எது வந்தாலும் அச்செடுத்து, மூலையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பழைய லெட்ஜர் அட்டை ஒன்றில் கோத்துவைப்பார். காகிதத்துக்குப் பிடித்த கேடு என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். மூன்றாம் நாள் அதை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். விசாரணை அத்தோடு நின்றது. விளக்கம் கேட்ட கடிதம் மட்டும் அவர் கோப்பில் அப்படியே இருந்தது. அதன் மேல் சீட்டு ஒட்ட வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போன வருஷம் ஓய்வு பெற்றபோது அட்டையை என்னிடம் கொடுத்தார். “நீயும் தேதி போட்டு வை தம்பி, கையெழுத்தை மறந்துராத” என்றார். வைத்துக்கொண்டிருக்கிறேன். என் இழுப்பறை மூடவில்லை.