புண்ணைத் தொடும் உரிமை

துயருற்றவனுக்குத் துணைநிற்கும் உரிமை கற்றுத் தேர்ந்தோர்க்கு மட்டுமே உரியதா? உடல்நோயைப் பொறுத்தவரை இதற்கு விடையிறுப்பது எளிது. மனத்துயரின் முன்னிலையில் அவ்விடை தடுமாறுகின்றது. 1970இல் அமெரிக்கப் போதகர் ஜே அடம்ஸ் வெளியிட்ட நூலொன்று இவ்வினாவைப் புரட்டஸ்தாந்து திருச்சபைகளுள் எழுப்பிற்று. உரோமருக்கு எழுதிய நிருபத்திலே பவுல் சாதாரண விசுவாசிகளையே ஒருவருக்கொருவர் புத்திசொல்லத் தக்கவர்களாகக் கருதுகின்றார். எனவே, மனநோய் மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்ட பணியைத் திருச்சபை மீண்டும் ஏற்கவேண்டும் என்பது அடம்ஸின் வாதம்.

அவரது துணிவு பாராட்டத்தக்கதே. ஆயினும், உடற்கோளாற்றால் வாராத மனத்துயரின் பெரும்பகுதியைப் பாவத்தோடு பிணைத்தமை ஏற்புடையதன்று. அதற்கான மறுப்பு வேதாகமத்தினுள்ளேயே இருக்கின்றது. யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் வாய்திறவாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவ்வளவில் எழுந்து சென்றிருப்பின் அவர்களினும் சிறந்த துணைவர் இலர் எனலாம். பேசத் தொடங்கியதும் துன்பத்துக்குக் காரணம் கற்பித்தனர், தேற்றவந்தோர் வழக்காடுவோராயினர். அவர்கள் கூறிய சமயக் கருத்துகளுட் பல தம்மளவிற் பிழையானவை அல்ல என்பதே இங்கு கவனிக்கற்பாலது. வசனங்களை மனனஞ் செய்வித்து அனுப்புவது மட்டும் பயிற்சியாயின், அது எலிப்பாசுகளையே பெருக்கும்.

வேறொரு பயிற்சிமுறை தற்செயலாகவே தோன்றியது. 1742இல் பிரிஸ்டல் நகரிலே ஜோன் வெஸ்லியின் சங்கத்தார் தமது மண்டபத்தின் கடனைத் தீர்க்க வழிதேடினர். ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒரு தலைவர். அவர் வாரந்தோறும் ஆளுக்கொரு பென்னி தண்டவேண்டும். காசுக்காக வீடுவீடாகச் சென்றவர்கள் அவ்வீடுகளின் ஒழுக்கக் கேடுகளையும் கண்டு திரும்பினர். கடன் தண்டல் ஆன்மப் பராமரிப்பாயிற்று. அத்தலைவர்கள் குருப்பட்டம் பெற்றவரல்லர்; பின்னர் பெண்களும் அவர்களுட் பலராயினர். அடுத்த வாரமும் அதே வாசலில் நிற்கவேண்டிய கடப்பாடே அவர்களது தகைமை. அது எந்த உளவளத்துணைப் பட்டயத்திலும் எழுதப்படுவதில்லை.

எனினும் அந்த அணுக்கமே ஆபத்துமாகும். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுதும் மடத்திலடைக்க 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்தது. அயலவனின் நாவுக்கு அத்தகைய விதி யாதுமில்லை. எல்லோரும் எல்லோர்க்கும் உறவினராயிருக்கும் சிற்றூர்ச் சபையிலே, ஒரு பெண் தன் கணவனின் குடியைப்பற்றிச் சொன்னது மறுநாளே கிணற்றடியிற் பேசப்படுமாயின், அவள் பின்னர் எவரிடமும் வாய்திறவாள். பயிற்சியின் முதற்பாடம் நாவடக்கமாதல் வேண்டும்.

அதற்கும் ஓர் எல்லையுண்டு. உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுபவன் அதனை மறைத்துவைக்குமாறு கேட்கையில், வாக்கைக் காப்பதா, உயிரைக் காப்பதா? உயிரையே காக்கவேண்டும். ஆனால் மருத்துவரிடம் கூறப்போவதை அவனிடமே முதலிற் கூறி, இயன்றவரை அவனையும் உடனழைத்துச் செல்லவேண்டும். அவனறியாது போதகரிடம் ஓடுதல் தகாது.