சும்மா நூற்ற நூல்

கடத்தூர் என்றால் எங்கள் தருமபுரிப் பக்கத்தில் எவருக்கும் முதலில் ஞாபகம் வருவது வெற்றிலை. ஈரச் சாக்கில் சுற்றி வந்த கட்டுகளைப் பிரித்து, காம்பெல்லாம் ஒரு பக்கமாக இருக்க அடுக்கி, அழுகலையும் பழுப்பையும் கண் பார்க்குமுன் விரல் நுனியே கண்டு ஒதுக்கித் தள்ளும் அந்தக் கைகளின் வேகத்தை வேடிக்கை பார்ப்பதற்காகவே நான் சந்தைக்குப் போவதுண்டு. சென்ற மார்கழியில் ஒரு சந்தை நாள். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த குளிர் வெயில் ஏறியும் விலகாதிருந்த அந்தக் காலை வேளையில், கற்றாழை நாரில் முறுக்கிய தும்பும் மூக்கணாங்கயிறும் மாட்டுப் பொங்கலை எண்ணிக் குவிந்து கிடந்த கடையைத் தாண்டியதும், ஒரு வேப்பமரத்தடியில் மூன்றே மூன்று கரிய கம்பளிகளை மடித்து வைத்துக்கொண்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குந்தியிருப்பதைக் கண்டேன். அவருக்குப் பின்னால், அந்த வியாபாரத்துக்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாதவரைப் போல, அவருடைய தாயார் நூற்கும் கதிரைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

ஆட்டு மயிரில் கையால் நெய்த கம்பளியை நான் சந்தையில் பார்த்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. சிறு வயதில் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் அதை ஒரு முனையில் மடித்துக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஆடுகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் குரும்பர்கள் எங்கள் ஊர் மானாவாரிக் கொல்லைகளில் கிடை போட வருவார்கள். ஆட்டுப் புழுக்கைக்காக அவர்களுக்கு நாங்கள் கேழ்வரகு அளந்து கொடுப்போம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு பாகங்களாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலும் இவர்களுடைய கம்பளி நெசவு இடம்பெற்றிருக்கிறது. வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசும் இந்த ஜனங்களுக்கு ஆடு ஜீவனமாகவும் கம்பளி கௌரவமாகவும் இருந்த காலம் அது.

விலை கேட்டேன். இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். நானும் எல்லோரையும் போலக் குறைத்துக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இடது கை விரல்களைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே, "மயிருக்குக் காசு, கத்தரி போட்டவனுக்குக் கூலி, புளியங்கொட்டையும் வெறகும், அப்புறம் தறியில நான் உக்காந்த நாளு. நீங்களே போட்டுப் பாருங்க சார்" என்றார்.

கட்டை விரல் சுண்டு விரலிலிருந்து ஆள்காட்டி விரல் வரை வந்து நின்றுவிட்டது.

"நூல் நூற்ற கூலி?" என்று கேட்டேன்.

"அதுங்களா? அம்மா நூக்கறாங்க. அது சும்மாதானுங்களே."

அவர் ஏமாற்றும் மனிதர் அல்லர். தாயாரை அலட்சியமாக நினைப்பவரும் அல்லர் என்பது, வெயில் படும் பக்கத்தைத் தாம் எடுத்துக்கொண்டு நிழலை அவருக்கு விட்டிருந்ததிலேயே தெரிந்தது. ஆயினும் அந்தக் கம்பளியில் தொட்டுப் பார்க்கக் கூடியது எதுவோ அதுவே அவருடைய கணக்கில் விட்டுப்போயிற்று.

அந்த அம்மாள் செய்துகொண்டிருந்ததைச் சற்று அருகில் சென்று பார்த்தேன். ஆடுகளைக் குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டி, வருஷத்தில் இரண்டு தடவை கத்தரித்து, கருப்பு வேறு பழுப்பு வேறு வெள்ளை வேறு என்று பிரித்து, முள்ளும் ஒட்டுப்புல்லும் பொறுக்கி, வில்லின் நாணால் அடித்துப் பஞ்சாக்கிய மயிர், ஒரு துணி மூட்டையில் அவர் மடியில் இருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இடது கையால் மெல்ல இழுக்கிறார். வலது கை கதிரைத் தொடையோரம் உருட்டி விடுகிறது. கதிர் சுழன்றுகொண்டே கீழே இறங்க, இறங்க, ஒன்றோடொன்று ஒட்ட மனமில்லாத அந்த முரட்டு மயிர்கள் முறுக்கேறி நூலாகின்றன. தரையைத் தொடுமுன் கதிரைப் பிடித்து, முழம் இரண்டு முழம் நூலைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் ஆரம்பிக்கிறார். இந்தப் பக்கத்து ஆடுகள் மெரினோவைப் போல மிருதுவான மயிர் தருபவை அல்ல. தருமபுரி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் பரம்பரையாக மேய்ந்துவந்த திருச்சி கருப்பு என்னும் இனத்தின் மயிர் குட்டையானது, கரடுமுரடானது, ஓர் ஆட்டுக்கு ஒரு தடவையில் அரைக் கிலோ தேறினாலே பெரிது. அத்தகைய மயிரில் அறுந்துபோகாத நூல் இழுப்பதற்குக் கை எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்பதை, ஒரு நிமிஷம் அந்தக் கதிரை வாங்கி முயன்று, மூன்று தடவை அறுத்தபிறகு தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வரும் வேலையும் அழகானதுதான். பாவை வெளியில் இழுத்துக் கட்டி, புளியங்கொட்டையை வறுத்து உடைத்துக் காய்ச்சிய கஞ்சியைப் பூசி, காய்ந்தபின் தரையில் குழி வெட்டிய தறியில் ஏற்றி, ஊடையை ஓட்டி இறுக்கி அடித்தால் கம்பளி. மழை பட்டால் இழைகள் உப்பி ஒன்றோடொன்று நெருங்கிக்கொள்வதால் சட்டென்று உள்ளே நீர் இறங்குவதில்லை. ஆனால் தறியில் நெய்பவன் ஒருவனுக்கு வேலை கொடுக்க நாலைந்து பேர் நூற்க வேண்டும் என்பது, யந்திர நூல் வருவதற்கு முன் உலகமெங்கும் நெசவுக்குப் பொதுவாயிருந்த கணக்கு. இங்கிலாந்தில் 1733-இல் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்தால் தானாக ஓடும் நாடாவை அமைத்ததும் நெய்வோர் கை வேகம் கூடிவிட, நூற்கும் பெண்களால் ஈடுகொடுக்க முடியாமல் அந்த நாட்டில் நூல் பஞ்சமே ஏற்பட்டது. அதைத் தீர்ப்பதற்கு எழுந்த முயற்சிகளில்தான் நூற்பு யந்திரங்கள் பிறந்தன. இவ்வளவு பெரிய மாறுதலை உண்டாக்கிய ஒரு வேலைக்கு, கடத்தூர்ச் சந்தையில் ஒரு விரல்கூட மடியவில்லை.

சும்மா என்பது நம் பாஷையில் விசித்திரமான சொல். வேலையின்றி இருப்பதும் சும்மா, காரணமின்றிச் செய்வதும் சும்மா, காசு வாங்காமல் கொடுப்பதும் சும்மா, மனம் ஓய்ந்து நிற்கும் மோன நிலையும் ஞானிகள் வாக்கில் சும்மாதான். இவ்வளவு உயர்ந்த பொருளையும் உள்ளே வைத்திருக்கும் அந்தச் சொல்லை நாம் அதிகமாகப் பிரயோகிப்பது எதற்கு என்றால், வீட்டிலிருக்கும் பெண்களின் உழைப்பைக் கண்ணில் படாமல் மூடி வைப்பதற்கு.

என் தகப்பனார் புளியமரக் குத்தகை எடுத்தவர். மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையும் முற்றமும் புளியால் நிறைந்திருக்கும். அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். குத்தகைப் பணம் இவ்வளவு, மரம் ஏறி உலுக்கினவனுக்கு இவ்வளவு, பொறுக்கினவர்களுக்கு இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு, சாக்கு, சணல், உப்பு முதற்கொண்டு எதுவும் விடுபடாது. புளி விற்றதும் செலவைக் கழித்து, அடியில் இரட்டைக் கோடு இழுத்து, "லாபம்" என்று எழுதி ஒரு தொகை போடுவார். அந்தத் தொகையில் நாங்கள் படித்தோம், அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அவர் காலமான பிறகு ஒரு நாள் அந்த நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்த கூலி எந்த வருஷத்திலும் எழுதப்படவில்லை என்பதைக் கண்டேன். அதைச் செய்தவர்கள் என் தாயாரும் பாட்டியும். இரவு பத்து மணிக்கு மேல் சிம்னி விளக்கு வெளிச்சத்தில், சிறு சுத்தியலால் கொட்டையைத் தட்டிப் பிதுக்கும் அந்த ஓசையில் நாங்கள் தூங்கிப் போவோம். புளிப்பு ஏறி அம்மாவின் விரல் நுனிகள் வெளிறி வெடித்திருக்கும். அந்த வேலைக்கு வெளியாட்களை வைத்திருந்தால் என்ன கொடுத்திருக்க வேண்டும் என்று, அக்காலக் கூலி தெரிந்த ஒருவரைக் கேட்டுக் கணக்குப் போட்டேன். வந்த தொகை, அப்பா இரட்டைக் கோட்டுக்குக் கீழே லாபம் என்று எழுதியிருந்த தொகைக்குச் சற்றே அதிகமாயிருந்தது.

குத்தகையில் லாபமே இருந்ததில்லை. அம்மாவின் கூலிக்குத்தான் நாங்கள் லாபம் என்று பெயர் வைத்திருந்தோம். இதை அவர் உயிருடன் இருக்கையில் அவரிடம் சொல்லியிருக்கலாம்; நோட்டைப் புரட்ட எனக்குத் தோன்றியபோது அவரும் இல்லை.

வீட்டிலிருந்து நூற்பவளுக்கு என்ன கூலி என்ற கேள்வியை ஒரு பெரிய ஸ்தாபனமே தன்னிடம் கேட்டுக்கொண்ட சந்தர்ப்பம் ஒன்று நம் தேசத்தில் உண்டு. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1965-இல்தான். அந்தச் சேலம் ஜில்லாவின் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்து, மழை பொய்த்த கிராமங்களின் பெண்களுக்கு நூற்பு வேலை கிடைக்கச் செய்தார். அதே வருஷத்தில் காந்தியடிகள் அகில இந்திய நூற்போர் சங்கத்தை ஆரம்பித்தார். கதர் மலிவாக இருந்தால்தான் விற்கும் என்ற நியாயம் பத்து வருஷம் செல்லுபடியாயிற்று. ஓய்வு நேரத்தில் நூற்பதுதானே, வந்த வரைக்கும் லாபம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். 1935-இல் காந்தியடிகள் அதை மறுத்தார். எட்டு மணி நேரம் நூற்கிறவளுக்கு எட்டணா கிடைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வளவு உயர்த்த முடியாவிட்டாலும் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்றைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. கதரின் விலை ஏறியது. விற்பனை குறைந்தாலும் குறையட்டும், நூற்பவளின் வயிற்றில் அடித்து மலிவு விலை வேண்டாம் என்ற அந்தச் சங்கல்பத்தை, அவருடைய பெரிய காரியங்களோடு சேர்த்து எண்ண வேண்டிய ஒன்றாக நான் கருதுகிறேன்.

அந்த எண்ணம் சந்தை வரை வந்து சேரவில்லை. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் தொடங்கி ஊர் ஊராகப் பரவிய உழவர் சந்தைகள், விளைவித்தவனே விற்கலாம், இடையில் தரகன் வேண்டாம் என்று செய்த உபகாரம் பெரிது. காலையில் பலகையில் அன்றைய கத்தரிக்காய், தக்காளி விலைகளை எழுதி வைக்கிறார்கள். ஆட்டு மயிருக்கு அந்தப் பலகையில் இடமில்லை. நூற்ற மணி நேரத்துக்கு எந்தப் பலகையிலும் இடமில்லை. இதற்கிடையே பானிபட்டில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மறுபடி நூலாக்கி நெய்யும் போர்வைகள் சில நூறு ரூபாய்க்கு வீட்டு வாசலிலேயே வந்து இறங்குகின்றன. மேய்ப்பவர்களும் இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற, மயிர் வளராத மேச்சேரி ஆட்டுக்கு மாறிவருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்திலேயே மலையாட்டு மயிர் விற்ற பணம் அதைக் கத்தரித்த கூலிக்குக் காணாமல் போய்விட்டதென்றால், நம் மேய்ப்பர்கள் மட்டும் எதற்காக நஷ்டத்தைச் சுமக்க வேண்டும்?

எனக்குள் எழுந்த ஆட்சேபத்தையும் சொல்ல வேண்டும். எல்லா நேரத்தையும் காசாக்கித்தான் ஆக வேண்டுமா? பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டே நூற்றதையும், கொல்லையோரம் ஆட்டைப் பார்த்துக்கொண்டே நூற்றதையும் மணிக்கணக்கில் அளந்தால், அந்த வாழ்வில் இருந்த ஏதோ ஒன்று கெட்டுப்போகாதா? இந்தச் சந்தேகத்தை அந்த அம்மாளிடமே கேட்டேன்.

"நீங்க நூக்கறதுக்கு மகன் கூலி போடலையே அம்மா, வருத்தமா இல்லையா?"

கதிரை நிறுத்தாமலே என்னை நிமிர்ந்து பார்த்தார். "கையி ரெண்டு இருக்குது. சும்மா வச்சிருந்தா நோவுது தம்பி. மகனுக்குத்தானே நூக்கறேன், அவன்கிட்டக் கூலி கேப்பனா?" என்றார். பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, "ஆனா வாங்க வர்றவங்க இது என்ன சாக்கான்னு கேட்டாத்தான் வயித்தெரிச்சலா இருக்கு" என்றார்.

நான் தேடிக்கொண்டிருந்த பதில் அதில் இருந்தது. சும்மா என்று சொல்லும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. அது அவருடைய அன்பு, அவருடைய பெருந்தன்மை. வாங்குகிற எனக்கு அந்தச் சொல்லைச் சொல்ல உரிமை கிடையாது. மகனுக்காக அவர் விட்டுக்கொடுத்த நாட்களை, யாரோ ஒருவனாகிய நான் பேரம் பேசி என் பையில் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். அம்மா எங்களுக்காகச் சும்மா செய்ததையும் புளி மண்டிக்காரர்கள் மலிவு விலையாக எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேட்ட விலையையும், அதற்கு மேல் நூலுக்கென்று ஐந்நூறும் வைத்தேன். மகன் வாங்க மறுத்தார். இரண்டாவது தடவை நான் சொன்னபோது, தாயாரிடம் கொடுங்கள் என்பதுபோலப் பின்னால் கை காட்டினார். அந்த அம்மாள் பணத்தைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "அதை இங்க குடு" என்று கம்பளியைத் திரும்ப வாங்கி, வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்து, கரையோரம் ஓரிடத்தில் ஊடை விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார். எனக்குத் தெரியவில்லை; மகனுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கதிரில் அன்று காலை நூற்றிருந்த நூலை அறுத்து, சாக்குத் தைக்கும் கோணியூசியில் கோத்து, ஒன்று விட்டு ஒன்றாகப் பாவுக்குள் நுழைத்து இழுக்கத் தொடங்கினார். பொம்மிடி பஸ் புறப்பட்டுப் போயிற்று. நான் உட்கார்ந்திருந்தேன்.

முடித்துக் கொடுத்தபோது, புது நூல் மட்டும் சற்றுப் பழுப்பாகத் தெரிந்தது. அதை நான் விரலால் தடவிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நாலு மழை படட்டும் தம்பி, எல்லாம் ஒண்ணாயிரும்" என்று சொல்லி, மடியிலிருந்த மூட்டையிலிருந்து அடுத்த சிட்டிகை மயிரை எடுத்தார்.