எதை முதலில் தொடுவது?

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணிக்குக் கணக்கெடுத்தபோது, முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்திருந்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தாண்டி முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் உள்ளே வந்துவிட்டது. ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாததால், 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் அன்று சென்னையில் அச்சாகவில்லை.

வெள்ளத்தைப் பற்றி இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். வடிந்தபின் வந்த மாதங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

முடிச்சூர் சாலையில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். அரிசி மூட்டை ஊறி நாறுகிறது. ஃப்ரிட்ஜ் போய்விட்டது. மொத்த வியாபாரிக்குப் பாக்கி நிற்கிறது, பத்தாம் தேதி வண்டிக்கு டியூ கட்ட வேண்டும். வீட்டிலோ பத்திரம், பிள்ளையின் மார்க் ஷீட், ரேஷன் கார்டு எல்லாம் சேறு. அம்மாவின் சுகர் மாத்திரை நேற்றோடு தீர்ந்தது. ஏ.டி.எம்.மில் பணமில்லை, செல்போனுக்கு டவர் இல்லை. இவற்றில் எதையும் தனியாகக் கொடுத்தால் அவர் சமாளித்துவிடுவார். வியாபாரிக்குக் கஷ்டம் புதிதா என்ன? எல்லாம் ஒரே காலையில் வந்து நிற்பதால்தான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

அவரைத் தைரியமில்லாதவர் என்பது அநியாயம். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகைப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. கையில் காசு வந்தபின் நன்றாக விடை சொன்ன அதே ஆட்கள், கடனும் அடகுமாக இருந்த அறுவடைக்கு முந்தைய நாட்களில் தடுமாறியிருந்தார்கள். கவலை அறிவில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. எதை முதலில் செய்வது என்று பிரித்துப் பார்க்கும் திறன் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைகொடுக்காமல் போகிறது.

அப்போது கை தானாகக் கண்ணெதிரே இருப்பதற்குப் போகும். தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருகிப் பார்ப்பது அந்த ரகம். இன்ஜினுக்குள் நீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும்; சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி அந்தச் செலவைப் பெரும்பாலும் ஏற்காது. கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போயிருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும். போட்டோ எடுக்காமல் கடையைக் கழுவிவிட்டால், சர்வேயர் வரும்போது காட்ட ஒன்றுமிருக்காது.

மாத்திரையும் குடிநீரும் அன்றைக்கே ஆக வேண்டியவை. டியூ தேதிக்கு முன்பே வங்கியில் போய் நிற்பது அடுத்தது; இயற்கைச் சீற்றம் தாக்கிய பகுதிகளில் கடனைத் திருத்தியமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்கள் உண்டு. தேதி தாண்டியபின் போனை எடுக்காமல் ஒளிபவருக்கு அதே மேலாளர் வேறு முகம் காட்டுவார். மார்க் ஷீட் காத்திருக்கும். தொலைந்த சான்றிதழ்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் தர அந்த டிசம்பரிலேயே அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது.

“எல்லாம் சரியாயிடும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போகிறவரால் பயனில்லை. ஒரு தாளும் பேனாவும் கொண்டுவருபவரால் உண்டு. எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டுவிட்டால், வேலை முடியாதபோதும் அது மனத்தில் குறுக்கிடுவது குறைகிறது என்று மசிக்காம்போ, பாமெய்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011இல் காட்டினார்கள். கடையில் தினமும் சிட்டை எழுதுபவர்கள் வீட்டுக் கவலைக்கு ஏனோ எழுதுவதில்லை.

தாளில் அடங்காதவையும் உண்டு. ஏரி ஆக்கிரமிப்பும் வடிகாலும் ஒரு குடும்பம் தீர்க்கிற காரியமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மறுபடி தண்ணீர் நின்றது. அதற்கு நலச்சங்கம் கூடி, மனு எழுதி, வருடக்கணக்கில் அலைய வேண்டும். இதற்கிடையே தென்புறநகரில் வசதியுள்ள சிலர் அஸ்திவாரத்தில் வரிசையாக ஜாக்கி வைத்து வீட்டையே சில அடி உயர்த்திக்கொள்கிறார்கள்.

மற்றவர்களுக்கு மேம்பாலம் இருக்கிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்ப, போலீஸ் அதை மறுத்தது. பாலம் என்ன வண்டி நிறுத்துமிடமா என்று கேட்டவர்களிடம் காட்ட, அங்கே நிறுத்தியவர்களில் பலரிடம் 2015ஆம் ஆண்டுப் பட்டறை பில் இருந்திருக்கும்.