தட்டைப் பார், பிறகு ஊசி

ஆனி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் இறங்கத் தொடங்கினால் தென்காசி வீடுகளில் அடுப்பு ஓயாது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும் சொந்தபந்தங்களுக்கு அகோரப் பசி இருக்கும். சாப்பாட்டு நேரம் முன்னும் பின்னுமாகப் போகும். அந்தக் கூட்டத்தில் வீட்டுப் பூனையையும் யாரும் பட்டினி போடுவதில்லை. ஒருவர் பால்சோறு வைப்பார், இன்னொருவர் சாளைத் தலையைப் போடுவார். நலமாக இருக்கும் பூனைக்கு அது கொண்டாட்டம். நீரிழிவு வந்து, வேளைக்கு வேளை இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனைக்கு அந்த ஒழுங்கில்லாத நாட்கள் ஆபத்தானவை.

பூனைக்கும் சர்க்கரை நோய் வரும். நடு வயதைத் தாண்டிய, உடல் பருத்த, வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத பூனைகளுக்கு, அதிலும் கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு, கூடுதலாக வருகிறது. தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகும். சிறுநீர் பெருகும். சில பூனைகள் பின்னங்குதிகால் தரையில் படிய நடக்கும். எல்லாவற்றையும் விட நம்மை ஏமாற்றுவது அதன் பசி. எவ்வளவு தின்றாலும் கத்திக்கொண்டே இருக்கும், ஆனாலும் இளைத்துக்கொண்டே போகும். ரத்தத்தில் சர்க்கரை நிறைந்து கிடக்க, அதை உடலின் செல்களுக்குள் அனுப்பும் இன்சுலின் போதாமல் போவதால் வரும் பசி அது. சோற்றால் அதைத் தீர்க்க முடியாது. பூனை பிறப்பிலேயே ஊனுண்ணி. அது பிடிக்கும் எலியில் மாவுச்சத்து மிகச் சொற்பம். இரக்கப்பட்டு நாம் வைக்கும் பால்சோறு அந்த நோயைத்தான் வளர்க்கிறது.

இன்சுலினுக்கும் பசிக்கும் உள்ள உறவு பழையது. இன்சுலின் கிடைக்கும் முன்பு, நீரிழிவு வந்த குழந்தைகளைப் பட்டினிக்கு அருகில் வைத்துத்தான் சில காலம் உயிரோடு காத்தார்கள். 1921-இல் டொராண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் நாய்களிடம் நடத்திய சோதனைகள் இன்சுலினுக்கு வழி திறந்தன. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. எலும்பும் தோலுமாக இருந்தவன் தேறினான். பட்டினிக்கு முடிவு வந்தது. கூடவே புதிய ஆபத்தும் வந்தது. அளவு மீறினால் அதே மருந்து ரத்தச் சர்க்கரையை அடியோடு இறக்கி உயிரை வாங்கிவிடும்.

பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி. தொடக்க அளவு பலவற்றுக்கு ஒரு யூனிட் அல்லது அதற்கும் கீழே. பூனை வழக்கம்போல் தின்றதா என்று பார்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். தின்னவில்லை என்றால் முழு அளவையும் போடாமல், மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். தின்ன மறுப்பது ஒரு நாளைத் தாண்டினால் அதுவே அவசரச் சிகிச்சைக்குரிய நிலை. பேச முடியாத உயிருக்கு அதன் தட்டுதான் வாய். அது சொல்வதைக் கேட்டுத்தான் நம் கடிகாரம் நடக்க வேண்டும்.

இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு வேளை ஊசி விட்டுப்போனால் சர்க்கரை ஏறும். அடுத்த வேளை வழக்கமான அளவைப் போட்டு அதைச் சரிசெய்துவிடலாம். அம்மா போட்டது தெரியாமல் மகனும் போட்டுவிட்டால், சில மணி நேரத்தில் பூனை தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வந்து சாகவும் கூடும். ஒரு மில்லிக்கு 100 யூனிட் செறிவுள்ள மருந்தை, 40 யூனிட் செறிவுக்கான சிரிஞ்சில் அதே எண் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. குறைவுக்குத் திருத்தம் உண்டு, மிகைக்குப் பல நேரம் கிடையாது.

குற்றாலம் பேரருவியில் இதே விதியைக் காவலர்கள் காக்கிறார்கள். தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. எவ்வளவு தொலைவிலிருந்து ஆசையோடு வந்திருந்தாலும் நிற்கத்தான் வேண்டும். தண்ணீர் குறைந்த நாளில் ஏமாற்றத்தோடு திரும்பலாம். மிஞ்சிய நாளில் திரும்ப முடியாமலே போகலாம்.

அன்பை ஊட்டுவதாகவே பழகியவர்கள் நாம். இன்னும் கொஞ்சம் என்று சொல்லாமல் இலையில் பரிமாறத் தெரியாது. கொடுக்காமல் விட்டால் குற்றவுணர்வு வருகிறது. கூடக் கொடுத்தால் வருவதில்லை. நோயுற்ற உயிரின் முன்னால் அந்தப் பழக்கம் செல்லாது. சில பூனைகள் முறையான உணவாலும் இன்சுலினாலும் தேறி, ஊசியே தேவைப்படாத நிலைக்கு வருவதுண்டு. அப்படித் தேறும் நாட்களில் நேற்றைய சரியான அளவு இன்றைக்கு மிகையாகிவிடும். அதனால் நோயைக் கவனிப்பது போலவே குணமாவதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பார்க்காமல் கொடுப்பது பழக்கம். பார்த்துக் கொடுப்பதும், பார்த்து நிறுத்துவதும்தான் பராமரிப்பு. பிள்ளைக்கும் முதியவருக்கும் நாம் செய்யும் பணிவிடைக்கும் இது பொருந்தும்.

வீட்டில் இப்படி ஒரு பூனை இருந்தால், ஊசி போடும் பொறுப்பை ஒருவரே ஏற்றுக்கொள்ளுங்கள். போட்டவுடன் தினசரிக் காலண்டர் தாளில் நேரத்தைக் குறியுங்கள். விருந்தினரிடம் தட்டில் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பூனை துவண்டால் ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவி உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், அந்த வேளை போடாதீர்கள்.