பணிவு என்னும் பாடம்

பிள்ளைக்குப் பணிவைக் கற்பித்தல் பெற்றோரின் கடன் என்பதை எவரும் மறுக்கார். ஆனால், ஒரு குற்றமும் செய்யாத தன் மைந்தனுக்கு, குற்றஞ்சாட்டப்பட்டவன் போல் நடந்துகொள்ளும் வகையைப் பயிற்றுவிக்கும் தாயை நாம் எங்ஙனம் மதிப்பிடுவது? அவள் செய்வது அறமா, அன்றி அநீதிக்குத் துணைபோதலா? ஐக்கிய அமெரிக்காவிலே கறுப்பினப் பெற்றோர் தலைமுறை தலைமுறையாக எதிர்நோக்கி வரும் வினா இது. ஒழுக்கவியல் நூல்கள் எழுப்பும் வினாக்கள் பலவற்றிலும் இது கடுமையானது.

அங்கு 'அந்தப் பேச்சு' என்ற அளவிலேயே கறுப்பினத்தார் வீடுகளில் பொருள் விளங்கிவிடும். மகன் சற்று வளர்ந்ததும் தாயோ தந்தையோ அவனை அருகில் இருத்திச் சொல்லிக்கொடுப்பர். பொலிஸார் மறித்தால் ஓடாதே, கைகளை அவர் காணும்படி வைத்திரு, சட்டைப்பைக்குள் கைவிடாதே, அவர் கூறுவது பிழையாயினும் எதிர்த்துப் பேசாதே, முதலில் உயிரோடு வீடு வந்து சேர், நியாயத்தைப் பின்னர் பார்ப்போம். இப்பாடம் புதியதன்று. 1955இல் சிக்காகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்ற 14 வயது எம்மெற் டில்லுக்கும், அங்கு வெள்ளையர் முன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென அவன் தாய் எச்சரித்தே அனுப்பியிருந்தார். அவனுடைய உடல்தான் திரும்பி வந்தது. கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே அமர்ந்த யூரர் சபை விடுவித்தது.

பாடத்தைக் கற்ற பிள்ளை தப்பிவிடுவான் என்றாவது கூற முடியுமா? 2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்து நகரப் பூங்காவொன்றில் 12 வயதுச் சிறுவன் தமீர் றைஸ் விளையாட்டுத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தான். பொலிஸுக்குத் தொலைபேசியில் அறிவித்தவரே, அது பொய்த் துப்பாக்கியாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அச்செய்தி அங்கு சென்ற பொலிஸாருக்கு எட்டவில்லை. வாகனம் வந்து ஏறக்குறைய இரண்டு விநாடிகளில் அவன் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான். ஓடிவந்த 14 வயதுத் தமக்கை நிலத்தில் வீழ்த்தப்பட்டு விலங்கிடப்பட்டாள். 2015 டிசம்பரில் யூரர் சபை பொலிஸார்மீது குற்றஞ்சாட்ட மறுத்தது. அடுத்த ஆண்டு நகராட்சி 60 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டது.

இரண்டு விநாடிகளில் ஒரு குழந்தை எந்தப் பணிவைக் காட்டுவது? அவனைச் சுட்டபின் பொலிஸார் தம் வானொலியில், ஆளின் வயது 20 இருக்கலாம் என்று அறிவித்தனர். கறுப்பினச் சிறுவரை அவர்தம் உண்மை வயதிலும் மூத்தவராகவே பிறர் காண்கின்றனர் என்று அதே 2014இல் வெளிவந்த உளவியல் ஆய்வொன்று காட்டிற்று. ஆக, பிள்ளை என்னும் நிலையே அவனுக்கு மறுக்கப்பட்டுவிடுகிறது. பிள்ளைமைக்குரிய மன்னிப்பை அவன் யாரிடம் கேட்பான்?

வளர்ந்தவர் ஒருவரின் கதையும் உண்டு. மினசோட்டா மாநிலத்தில் பாடசாலை உணவுக்கூடமொன்றிலே பணியாற்றியவர் பிலாண்டோ காஸ்ரில். 2016 யூலை 6 அன்று அவரது காரை மறித்த பொலிஸ் அலுவலரிடம், தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவர் தாமாகவே அமைதியாகத் தெரிவித்தார். அதற்கான அனுமதிப்பத்திரமும் அவரிடம் இருந்தது. உடனேயே சுடப்பட்டார். பின்னாசனத்தில் இருந்த நான்கு வயதுச் சிறுமி, கதறும் தன் தாயைத் தேற்றியதை ஒளிப்பதிவிலே உலகம் கண்டது. சுட்டவர் 2017இல் விடுதலையானார். அச்சிறுமிக்கு இனி எந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது?

ஆயினும், பயன் உறுதியில்லை என்பதற்காகப் பாடத்தைக் கைவிடுமாறு அத்தாய்க்கு நாம் அறிவுரை கூறுவோமாயின், அது பத்திரமான இடத்திலிருந்து பேசுவோரின் வீரமாகவே முடியும். ஆயுதமும் பயிற்சியும் சம்பளமும் பெற்றவர் காக்கவேண்டிய நிதானத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளிலே ஏற்றிய அரசே இங்கு குற்றவாளி, தாயல்லள். ஆனால், பாடத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டிய காரணம் மட்டும் அவள் கையில் இருக்கிறது. காரணத்தைச் சொல்லாது விட்டால் பிள்ளை தானே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வான்: குறை தன்னிடமே உள்ளதென்று. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலாளர் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகளின் முன் வெள்ளைப் பொம்மையையும் கபிலநிறப் பொம்மையையும் வைத்தபோது, பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்றனர். நிறவாரிப் பாடசாலைகளைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே கிளார்க்கின் ஆய்வு எடுத்தாளப்பட்டது. பணிவை உயிர்காக்கும் தந்திரமாக அறிந்த பிள்ளை வேறு. அதனைத் தன் தகுதியாக ஏற்றுக்கொண்ட பிள்ளை வேறு.

இதற்கு நேர்மாறான வழியும் ஒருமுறை நடந்து பார்க்கப்பட்டது. 1963 மே மாதம் பேர்மிங்ஹாம் நகரில் ஆயிரக்கணக்கான கறுப்பின மாணவர் வகுப்புகளை விட்டு ஊர்வலம் புறப்பட்டனர். நாய்கள் ஏவப்பட்டன, தீயணைப்புக் குழாய்களிலிருந்து நீர் பீச்சப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். பிள்ளைகளைப் போராட்டத்தின் முன்னணியில் நிறுத்துவது முறையா என்று கறுப்பினத் தலைவர்களுள்ளேயே கண்டனம் எழுந்தது. எனினும் அம்மாதமே நகரத்து வணிகர் உடன்பாட்டுக்கு இறங்கினர். செப்டெம்பரில் அந்நகரின் தேவாலயமொன்றிலே வெடித்த குண்டு நான்கு சிறுமியரைப் பலிகொண்டது. வென்றார்களா, தோற்றார்களா என்று கணக்கிட எனக்குத் துணிவில்லை.

அந்நாட்களில் சில பாடசாலைகளில் வாயிற்கதவுகளை அடைத்தனர் என்றும், வேறு சில ஆசிரியர் மாணவருக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையிலே எழுதியவாறு நின்று, வகுப்பு வெறுமையாவதைக் காணாதவர் போலிருந்தனர் என்றும் கூறுவர். கதவை அடைத்தவரும் பிள்ளைகள்மீது அன்புள்ளவராகவே இருந்திருப்பார். சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அன்று நான் எதைச் செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்.